அண்ணன் பெட்டியும் தம்பி பெட்டியும்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஸ்வப்னா போன் செய்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். யாரோ ஒருவர் பித்தளை இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். அதைப் போனில் படம் பிடித்து என்னவென்று கேட்டால், முதலில் பொம்மைக் கப்பல் என்றதாம். பக்கவாட்டில் பிடித்துக் கேட்டால் சாம்பிராணிக் கரண்டி என்றதாம். "இரண்டில் எதை எழுதட்டும் மேடம்?" என்று சிரித்தாள். நான் போனைக் குறை சொல்லமாட்டேன். அதற்குக் கண் இருக்கிறது, மூடியைத் திறந்து பார்க்கக் கை இல்லை, அவ்வளவுதான்.

"நீங்கள் பார்த்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள் மேடம், புதுசாக வந்திருக்கிறவர்களுக்கு உதவும்" என்றாள். எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தால் இங்கே சான்பாடாவில் என் வீட்டுக்காரர் தானே சமைத்துச் சாப்பிட வேண்டிவரும். அவர் சமையலை நானும் சாப்பிட வேண்டிவரும். ஆகையால் இஸ்திரிப் பெட்டிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். பி.காம். முடித்த கையோடு மாட்டுங்காவில் ஓர் ஆபீஸில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். பழைய சாமான்களை இன்னது, இன்ன காலத்தது என்று அடையாளம் கண்டு ஏலத்துக்கு அனுப்புகிற ஆபீஸ் அது. முதல் சில வருஷங்கள் டைப் அடித்தேன், தூசியில் தும்மினேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் வைத்தி சார் தன் அறையிலிருந்து, "பேச்சி, அந்த மிஷினை விட்டுட்டு இங்கே வா. இதைக் கையிலே வாங்கு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் உத்தியோகம்.

வைத்தி சார்தான் எங்கள் முதலாளி. அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. சாமானைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். கடிகாரத்தின் விளிம்பு பித்தளையில் கீறிவிடுமாம். மேஜைமேல் ஒரு பழைய மிலிட்டரிக் கம்பளியை நாலாக மடித்து விரித்திருப்பார். சாமானை அதன்மேல் வைத்ததும் தலைகீழாகக் கவிழ்ப்பார். "எல்லாரும் முகத்தைத்தான் பாப்பா. விக்கறவன் முகத்தைத்தான் பாலிஷ் பண்ணுவான். நீ அடியைப் பாரு" என்பார்.

அவருடைய இன்னொரு வழக்கம்தான் வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். யார் எதைக் கொண்டுவந்தாலும் கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் துரை கொடுத்தது, ராஜா வீட்டிலிருந்து வந்தது என்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா? சார் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "கதை அப்பறம். சாமான் மொதல்ல. நீங்க போய் ஒரு காபி சாப்ட்டு வாங்கோ." கதை காதில் விழுந்துவிட்டால் கண் அந்தக் கதையைத்தான் தேடும் என்பது அவர் கட்சி. காபி குடித்துவிட்டு வந்த பிறகாவது கதையைக் கேட்பாரா என்றால், அதுவும் அபூர்வம். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம், அவர் இல்லாதபோது.

இஸ்திரிப் பெட்டி என் தலையில் விழுந்தது செம்பூரிலிருந்து. அங்கே ஒரு பெரியவர் ஊர் ஊராகப் போய் இஸ்திரிப் பெட்டிகளாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலமானதும் மருமகள் டெம்போ பிடித்து அத்தனையையும் எங்கள் குர்லா கோடவுனுக்கு அனுப்பிவிட்டாள். "இனிமேலாவது என் கால் விரல் நசுங்காமல் இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினாள். டெம்போக்காரர் நல்ல மனிதர். இடம் மிச்சமாகுமே என்று மூடிகளைக் கழற்றி ஒரு சாக்கிலும் பெட்டிகளை இன்னொரு சாக்கிலும் போட்டு, மிச்சம் மீதியை ஒரு பக்கெட்டில் கொட்டிக் கொண்டுவந்தார். சார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த மூடி எந்தப் பெட்டிக்குன்னு நீயே சேத்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மழைக்காலம் முழுக்க நான் குர்லாவில் தகரக் கொட்டகைக்குள் மூடிக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்த்தேன். அப்போது கற்றதை ஸ்வப்னாவுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் முழுக்க இரும்பாகக் கனத்தால், அது அடுப்பின்மேல் வைத்துச் சூடாக்குவது. அதில் எப்போதும் இரண்டு வேண்டும். ஒன்று தேய்க்கும்போது மற்றது அடுப்பில் இருக்கும். பின்பக்கம் மேலே தூக்குகிற சின்னக் கதவு இருந்தால், உள்ளே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டியைப் போடுகிற ஜாதி. கட்டியின் வாலில் கொக்கியால் பிடிக்க ஓர் ஓட்டை இருக்கும். பக்கெட்டில் கிடந்த அந்தக் கட்டிகளை டெம்போக்காரர் எடைக்கல் என்றே நினைத்திருந்தார். ஒற்றைக் காலில் நிற்கிற விரல் பருமன் குழாய் ஒன்று உண்டு. மெழுகுவர்த்தி வைக்கிற தண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது வெள்ளைக்காரிகள் சட்டையின் சுருக்கு மடிப்பை வளைத்துத் தேய்க்க வைத்திருந்தது. சூடான கம்பி அந்தக் குழாய்க்குள் போகும்.

நம் ஊர்க் கரிப்பெட்டிக்கு வந்தால், அதில் பார்க்க வேண்டியது நிறைய. கீழே அடித்தட்டு, பக்கவாட்டில் காற்று ஓட்டைகள், பின்னால் திறந்து மூடும் சின்னக் காற்றுக் கதவு, உள்ளே கரி நிற்கிற சல்லடைத் தட்டு. மூடியின்மேல் இரண்டு தூண், அவற்றின் நடுவே மரக் கைப்பிடி, கை சுடாமலிருக்க அதன்கீழ் ஒரு தகடு. மூடி பின்னால் கீலில் திரும்பும். முன்னால் மூக்குப் பக்கம் கொக்கி போட்டு மாட்டும். அந்தக் கொக்கியின் தலையில் பெரும்பாலும் ஒரு சேவல் உட்கார்ந்திருக்கும். நிறையப் பேர் சேவலைப் பார்த்துத்தான் பெட்டியை வாங்குகிறார்கள். நான் கீல் ஆணியைப் பார்ப்பேன். சேவலைப் புதிதாக வார்த்து வைத்துவிடலாம். ஆணியை எவன் தட்டினான், எப்போது தட்டினான் என்பதை மறைப்பது கஷ்டம்.

எல்லாம் கண்டிப்பும் கறாருமாகவே போனது என்று நினைக்க வேண்டாம். ஒரு சினிமாக்காரர் வந்து வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி வேண்டும், நாயகி அதில் கரி போட்டு ஊத வேண்டும் என்றார். அவருக்குப் பிடித்துப்போனது பின்னால் வெள்ளைப் பீங்கான் கொண்டை வைத்த பெட்டி. அது கரண்ட் பெட்டி, அந்தக் கொண்டை வயர் சொருகுகிற இடம், அதில் கரி போட வழியே இல்லை என்றேன். அவர் அசரவில்லை. "பரவாயில்லை மேடம், புகையைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வோம்" என்றார். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். நாயகி வயர் கொண்டையை ஊதினாள், புகை நன்றாகவே வந்தது.

இனி அண்ணன் தம்பி விஷயம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் நடந்தது.

தாராவியில் ஒரு தெருவில் நம் ஊர்க்காரர்கள் இஸ்திரிக் கடைகள் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு முதலில் வந்து கடை போட்டவர் ஆறுமுகம் என்பவர். பின்னால் வந்த பாதிப் பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து, நிற்க இடமும் பிடித்துக் கொடுத்தவர். அவர் போய் ரொம்ப வருஷம் ஆயிற்று. இப்போது அந்த ஜனங்களுக்குப் புதுக் கட்டடத்தில் வீடு கிடைத்து, அவர்கள் சங்கத்துக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ஹாலும் கிடைத்தது. ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து ஆறுமுகம் தேய்த்த பித்தளைப் பெட்டியை அதில் வைப்பது, கீழே கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். அங்கேதான் சிக்கல். ஆறுமுகத்தின் பெரிய மகன் முத்தையாவிடம் ஒரு பெட்டி இருந்தது. சின்ன மகன் இசக்கியிடம் ஒரு பெட்டி இருந்தது. இரண்டு பேரும் என்னுடையதுதான் அப்பாவின் பெட்டி, அவனுடையது போலி என்றார்கள். அப்பா செத்த வருஷம் அந்தப் பெட்டிக்காக நடந்த சண்டையோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

சங்கத்துச் செக்ரட்டரி இரண்டு பேரையும் இரண்டு பெட்டியையும் எங்கள் ஆபீஸுக்குக் கூட்டிவந்தார். இதில் தோற்கிறவன், இத்தனை வருஷம் ஆயுத பூஜைக்குப் போலிக்குச் சந்தனம் வைத்தவன் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கும். பேரன் பேத்தி எடுத்த வயதில் அதைத் தாங்க முடியாது என்பது இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

வழக்கப்படி சார், "நீங்க போய்க் காபி சாப்ட்டு வாங்கோ" என்றார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் மட்டும் ஆபீஸ் வருவார். ஆனால் இவர்கள் நகரவில்லை. தன் பெட்டியை அடுத்தவன் பக்கத்தில் விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனசில்லை. அறையின் இரண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார்கள். சாரின் சட்டம் உடைந்தது அன்றைக்குத்தான்.

"யக்கா, நீங்களும் நம்ம ஊருப் பக்கந்தானாம்லா" என்று முத்தையா ஆரம்பித்தார். "எங்கப்பா பொட்டின்னா அதுக்கு ஒரு அடையாளம் உண்டு. மூக்குப் பக்கமாச் சாம்பல் கொட்டும். கங்கு பறந்து எத்தன சட்டையில பொத்தல் விழுந்துருக்கு. அதான் பக்கா அடையாளம். எங்கப்பா காலத்துலருந்தே அப்படித்தான்."

இசக்கி செக்ரட்டரியைப் பார்த்துப் பேசினார். "அண்ணாச்சி, எங்கப்பா தேச்சப்ப ஒரு பொத்தல் விழுந்துருக்கான்னு கேளுங்க. அவரு பொட்டியோட அடையாளம் மூடி. மூக்குக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். காலர் தேய்க்கையில பட்டன்ல இடிக்கும். எம் பொட்டி இன்னைக்கும் இடிக்கும். அங்க இருக்கது நக்லி."

அதாவது, ஒருவருக்குச் சாம்பல் கொட்டுவது பெருமை, இன்னொருவருக்குப் பட்டன் இடிப்பது பெருமை. தொழிலுக்கு இடைஞ்சலான ஒரு கோளாறை இருவரும் அப்பாவின் சொத்தாக நினைத்து, ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யாமல், வருஷக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற இடமில்லை அது.

கடிகாரத்தைக் கழற்றிவிட்டு இரண்டையும் கம்பளிமேல் கவிழ்த்தேன். இரண்டுமே உழைத்த பெட்டிகள். இரண்டின் அடித்தட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. உள்ளே இரண்டிலும் சாம்பல் இறுகிக் காறையாகப் படிந்திருந்தது. இரண்டும் பல வருஷம் கரி கண்டவை என்பதால் பழசு புதுசு என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. கீல் ஆணியைப் பார்த்தேன். அங்கேதான் முதல் ஆச்சரியம். இரண்டு ஆணியும் ஒரே கம்பியில் வெட்டியவை. முனைகளை ஒரே கை, ஒரே மாதிரி தட்டி மழுக்கியிருந்தது. ஒன்று அசல், ஒன்று நகல் என்றால் நகலில் மட்டும்தானே புது ஆணி இருக்க வேண்டும்?

பிறகு சேவல்களைப் பார்த்தேன். தம்பி பெட்டியின் சேவலுக்கு முதுகு மட்டும் வழவழவென்று இருந்தது. கட்டைவிரல் படுகிற இடம் அது. கழுத்துக்குக் கீழே இறகின் கோடுகள் கூர்மையாக இருந்தன. அண்ணன் பெட்டியின் சேவலுக்கு எல்லா இடமும் ஒரே மொண்ணை, விரலே படாத அடிக்கழுத்துகூட. ஒரு வார்ப்பை வைத்து இன்னொன்றை வார்த்தால் நுணுக்கம் இப்படித்தான் கரைந்துபோகும். சரி, அண்ணனுடையதுதான் நகல் என்று மனசு முடிவு கட்டப் பார்த்தது. முத்தையாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் சாம்பல் ஏன் கொட்டுகிறது? மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் பெட்டியில் மூடி மூக்குப் பக்கம் ஒரு நூல் அளவு குறைந்திருந்தது. தம்பி பெட்டியில் மூடி அதே ஒரு நூல் வெளியே நீண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உருக்கி ஊற்றிய பித்தளை ஆறும்போது சுருங்கும். அசலை மண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்தால், நகல் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். நகல் பெட்டிக்கு நகல் மூடி சரியாகப் பொருந்தும். அசலையும் நகலையும் கலந்தால்தான் இடிக்கும், அல்லது கொட்டும்.

"அண்ணாச்சி, ஆணியக் கழத்திப் பாக்கணும்" என்றேன்.

முத்தையா மறுத்தார். "கழத்தக் கூடாதுக்கா. எங்கப்பா கை பட்ட ஆணி அது."

"பயம் இருக்கும்லா" என்றார் இசக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "கழத்துங்க" என்றார் முத்தையா. தம்பியும் மறுக்க முடியாமல் தலையாட்டினார். ஆணிகளைத் தட்டி எடுத்தேன். தம்பியின் மூடியை அண்ணனின் பெட்டிமேல் வைத்தேன். இடிக்கவில்லை, துருத்தவில்லை, காகிதம் எங்கேயும் நுழையவில்லை. கொக்கி தானாகப் போய் விழுந்தது. அண்ணனின் மூடியைத் தம்பியின் பெட்டிமேல் வைத்தேன். அதுவும் அப்படியே பொருந்தியது.

"அண்ணாச்சி, ஒங்க பொட்டியில அடி அசலு, மூடி வார்த்தது. தம்பி, ஒங்களுதுல மூடி அசலு, அடி வார்த்தது. ரெண்டும் ஒரே பட்டறையில ஒரே சமயம் பிரிச்சுச் சேத்துருக்கு" என்றேன்.

அடுத்தவன் தலைகுனிவதைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேரும். முத்தையா எழுந்து வந்து அடித்தட்டை உள்ளங்கையால் தடவினார். அவர் அப்பா துணிமேல் ஓட்டிய தட்டு அது. இசக்கி மூடியின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் அப்பா பிடித்திருந்த மரம் அது. சார் தன் நாற்காலியிலிருந்து, "இப்போ கதையைச் சொல்லச் சொல்லு பேச்சி" என்றார். அவர் தானாகக் கதை கேட்டதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

முத்தையாதான் சொன்னார். சண்டை நடந்தபோது பெட்டியை அம்மா தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாளாம். கொஞ்ச நாள் கழித்து இவரைத் தனியே கூப்பிட்டு, இதுதான் அப்பா பெட்டி, தம்பிக்கு ஒன்று வார்த்துக் கொடுத்துவிட்டேன், அவனிடம் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவான் என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

இசக்கி கூரையைப் பார்க்கவில்லை, செக்ரட்டரியைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்து, "எங்கிட்டயும் அதயேதான்ணே சொன்னா" என்றார்.

செக்ரட்டரி நடைமுறை தெரிந்த ஆள். அசல் மூடியையும் அசல் பெட்டியையும் சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்துவிடலாம், வேலை முடிந்தது என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள். சாம்பல் கொட்டுகிற பெட்டி சாம்பல் கொட்டுகிற பெட்டியாகவும், இடிக்கிற பெட்டி இடிக்கிற பெட்டியாகவும் இருக்க வேண்டுமாம். ஆணிகளை இருந்தபடியே அடித்துக் கொடுத்தேன். பிற்பாடு அந்த ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியை அகலமாகச் செய்து இரண்டையும் வைத்திருக்கிறார்கள். கீழே ஆறுமுகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் அறிக்கையில் அடி, மூடி, ஆணி, அளவு எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. அதில் இல்லாத ஒன்று உண்டு. ஸ்வப்னா, இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஆணியை அடிப்பதற்கு முன், இரண்டு பெட்டியும் மேஜைமேல் பிரிந்து கிடந்தபோது, முத்தையா அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா விக்ரோலியில் மகள் வீட்டில் இருந்தாள். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டியிருந்தது.

"யம்மா, முத்தையா பேசுதேன். மாட்டுங்காவுல இருக்கேன்."

"சாப்ட்டியாய்யா?"

"அப்பா பொட்டியக் கழத்திப் பாத்துட்டாவ. எங்கிட்ட அடி, அவங்கிட்ட மூடி. நீ செஞ்சதுதானம்மா?"

அந்தப் பக்கம் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பது மட்டும் கேட்டது.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள்.

"இசக்கி இருக்கான்."

"இசக்கியா?"

"ஆமாம்மா, நாந்தான்" என்றார் இசக்கி, போன் பக்கம் குனிந்து.

அந்த அம்மா அழவில்லை, கோபப்படவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

"எய்யா, அந்த வருசத்துச் சரஸ்வதி பூசைக்கே கண்டுபிடிச்சிருவீகன்னுல்லா நெனச்சேன். இத்தன வருசத்துல ஒருநாள்கூட ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலையா நீங்க?"